செபமாலையில் என் பாதி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மரக்காணத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய்க்காகத்தான், சுனாமி வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், பங்குச் சாமியார் என்னை அன்பியப் பொறுப்பாளர் ஆக்கினார். அன்பியம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கோயிலைச் சேர்ந்த இருபது வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வோம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்ப்போம். கோயிலுக்கு வராமல் நின்றுவிட்டவர்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசித் திரும்ப அழைத்து வருவோம்.

"ஊக்கப்படுத்தணும்மா. அதுதான் உன் வேலை" என்றார் சாமியார். எப்படி ஊக்கப்படுத்துவது என்று அவர் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன்.

வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தேன். பண்டிகை வந்தால் அந்த இருபது வீட்டு ரவிக்கையும் என் கைக்குத்தான் வரும். இரண்டு வாரம் கூட்டத்துக்கு வராதவள் ரவிக்கையைக் கேட்டு வந்து நின்றால், "இன்னும் கொக்கி வெக்கல. வெள்ளிக்கெழம செபத்துக்கு வா, அப்பிடியே வாங்கிக்கினு போ" என்பேன். ஆம்பிளைகளிடம் இந்த வித்தை பலிக்காது என்பதால் நேராக வீட்டுக்கே போய்விடுவேன். நான் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆள் இல்லாத மாதிரி மூச்சடக்கி உட்கார்ந்திருந்த வீடுகள் உண்டு. "சீரியல் முடியட்டும், நான் இங்கியே நிக்கிறேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்திருக்கிறேன். கூட்டம் நிரம்பத்தான் செய்தது. என் வீட்டுக்காரர் ஆரோவில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை செய்தார். பேச்சு குறைவு, கிண்டல் அதிகம். "நீ கூப்பிட்டா சாமியே பயந்துக்கினு வரும்" என்பார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

நாங்கள் குடியிருந்தது ஒரு பாதி வீட்டில். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்டபோது, ஒரு பழைய ஓட்டு வீட்டின் நட்ட நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. மேலே இரண்டு முழம் இடைவெளி அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டு மீன் குழம்பு வாசனை அந்தப் பக்கம் போகும்; அந்தப் பக்கத்து இருமல் இந்தப் பக்கம் வரும். ரகசியம் என்று ஒன்று இரண்டு வீட்டிலும் கிடையாது.

அந்தப் பக்கம் ஓர் அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள்; அவர் மனைவி எனக்கு அக்கா. அவர் உப்பளத்தில் வேலை பார்த்தார். வெயிலில் கருத்து, உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, ஐம்பத்தைந்து வயசுக்கு அறுபத்தைந்து போல இருப்பார். ஒரே மகளைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் அளத்திலிருந்து திரும்பி, குளித்து, டீ குடித்து முடித்ததும் இரண்டு பேரும் செபமாலை சொல்ல உட்காருவார்கள். அந்த வீட்டில் செபம் ஒரு நாள் தவறியது இல்லை.

செபமாலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் ஐம்பத்துச் சொச்சம் தடவை மாதாவை நோக்கி ஒரே மன்றாட்டைச் சொல்ல வேண்டும். அந்த மன்றாட்டை இரண்டாகப் பிரித்துச் சொல்வது எங்கள் வழக்கம். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் முதல் பாதியை ஒருவர் சொல்வார், அது வாழ்த்து. 'தூய மரியே' என்று தொடங்கும் இரண்டாம் பாதியை மற்றவர்கள் சொல்வார்கள், அது வேண்டுதல். இப்போதும், எங்கள் இறப்பின் வேளையிலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அது முடியும். அந்த வீட்டில் முதல் பாதி அண்ணனுடையது, இரண்டாம் பாதி அக்காவுடையது. அவர் முடிப்பதற்குள் அக்கா தொடங்கிவிடுவார்கள். அக்கா முடிப்பதற்குள் அவர் அடுத்ததை எடுப்பார். இரண்டு பேர் சேர்ந்து கயிறு திரிக்கிற மாதிரி இருக்கும். ஒன்பது வருஷம் கேட்டேன். கேட்டுக் கேட்டு, கேட்பதாகவே தெரியாமல் போய்விட்டது.

2004 டிசம்பரில் கடல் வந்தது. எங்கள் தெரு ரோட்டுக்கு மேற்கே உள்ளடங்கி இருந்ததால் தப்பியது. அளங்களில் சேறு ஏறி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் ஆகிவிட்டது. கரையோரக் குப்பங்களின் நிலைமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில் வளாகம் முழுக்க குடமும் பாயும் புடவையும் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்துக் கொடுக்க வாயுள்ள ஆள் வேண்டும். வேறு யார், நான்தான். காலையில் கோயிலின் நிவாரண வேனில் ஏறினால் இருட்டும்போது வீடு வந்து சேருவேன்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் இறந்துவிட்டார்கள். அடக்கத்துக்குப் போனேன், அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் திரும்பவும் வேனில் ஏறிவிட்டேன். ஏழாம் நாள் செபத்துக்குப் போகவில்லை. முப்பதாம் நாள் பூசையின்போது ஒரு குப்பத்தில் பாய் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் கடல் எடுத்தால்தான் சாவு என்று ஆகிவிட்டிருந்தது. காய்ச்சலில் செத்தவளுக்காக யாரும் வேனில் ஏறி வரவில்லை. அடுத்த வீட்டில் இருந்த நானே போகவில்லை என்றால் வேறு யாரைச் சொல்ல?

அதற்குப் பிறகு அண்ணன் பூசைக்கு வருவது நின்றது. அன்பியக் கூட்டத்துக்கும் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்; எட்டு மணி வாக்கில் திரும்புவார். சுவருக்கு அந்தப் பக்கம் செபம் நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. ஊரில் யார் வீட்டில் செபம் சொல்லவில்லை என்று விசாரித்துத் திரிந்தவள் நான். என் தலைக்கு மேல் இருந்த இடைவெளி என் காதில் விழவில்லை.

அக்டோபர் வந்தது. அது எங்களுக்கு மாதாவுக்கு உரிய மாதம். மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, ஒரு கண்ணாடிக் கூட்டில் வைத்து, பூ சுற்றி, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வரிசையாகக் கொண்டுபோவோம். மாதா வருகிற வீட்டில் அன்று சாயங்காலம் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் வந்தவர்களுக்குச் சுண்டலோ பொரிகடலையோ கொடுப்பார்கள். மறுநாள் அடுத்த வாசலுக்குப் பவனி போகும். எந்த நாளில் எந்த வீடு என்று பட்டியல் போடுவது என் வேலை.

பட்டியல் போட உட்கார்ந்தபோது எங்கள் அன்பியத்துப் பெண் ஒருத்தி காதைக் கடித்தாள்.

"ஒங்க பக்கத்து வூட்டுக்காரு சைக்கிளு தெனம் அந்த ஜெப ஹால் வாசல்ல நிக்குதுக்கா. நானே மூணு தடவ பாத்துட்டேன்."

ஈசிஆர் ரோட்டில் புதிதாக ஒரு ஜெப ஹால் திறந்திருந்தார்கள். அங்கே போகிறவர்கள் சுரூபம் வணங்க மாட்டார்கள். முந்தைய வருஷம் வேறு ஒரு தெருவில், அப்படி மாறிப்போன ஒரு வீட்டில் மாதாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பவனி போனவர்கள் பூவும் கையுமாக நடுத்தெருவில் நின்றார்கள். அந்த அவமானம் என் அன்பியத்தில் நடக்க விடுவேனா? அவர் சாயங்காலமானால் கிளம்புவது எனக்கும் தெரியும். இரண்டும் இரண்டும் நாலு என்று போட்டுக்கொண்டேன். ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை. ஊரையெல்லாம் கதவு தட்டிக் கேட்கிறவள், கேட்க வேண்டிய ஒரு கதவைத் தட்டவில்லை. அவர் வீட்டை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வீட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வருவதாகப் பட்டியலில் எழுதினேன்.

அந்த நாள் வந்தது. மழை தூறி விட்டிருந்தது. மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு பவனியாக வந்தோம். கண்ணாடிக் கூட்டை நான்தான் தூக்கி வந்தேன். அண்ணன் வீட்டு வாசலைப் பார்த்ததும் எனக்குப் பாட்டு நின்றுவிட்டது. வாசல் கழுவி விட்டிருந்தது. படியின் இரண்டு பக்கமும் அகல் எரிந்தது. கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் இடம் விட்டு, சுற்றிலும் சாமந்தி வைத்திருந்தார். வெளுத்த சட்டை, வேட்டியோடு வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் கை கூப்பினார்.

நின்றிருக்கலாம். உள்ளே திரும்பியிருக்கலாம். ஆனால் பின்னால் இருபது வீட்டுச் சனம் வருகிறது. பட்டியலில் என் வீடு என்று இருக்கிறது. என் வாயால் சொன்ன வார்த்தை இருக்கிறது. கால் தன்பாட்டுக்கு என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் கை கூப்பினபடியே நின்றிருந்தார்.

செபம் முடிந்து, சுண்டல் கொடுத்து, எல்லோரும் போன பிறகு வீடு அமைதியானது. என் வீட்டுக்காரர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்போது சுவருக்கு மேலிருந்து அண்ணன் குரல் கேட்டது. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி, முதல் பாதியை முழுக்கச் சொன்னார். நிறுத்தினார். ஒரு ஆள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் சத்தமே இல்லை. பிறகு அடுத்த முதல் பாதி. திரும்பவும் அதே அமைதி.

முதலில் மனுஷனுக்கு மறந்துவிட்டது போல என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அவர் நிறுத்தியபோதுதான் உறைத்தது. அந்த அமைதியின் அளவு எனக்குத் தெரிந்த அளவு. ஒன்பது வருஷம் அந்த இடத்தில் ஒரு குரல் இருந்தது. அக்காவின் பாதிக்கு அவர் இடம் விட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது தடவை அவர் நிறுத்தியதும் என் வாய் திறந்துகொண்டது. யோசித்துச் செய்யவில்லை. 'தூய மரியே' என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி முடித்தேன். கோபித்துக்கொண்டாரோ என்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மெல்ல அடுத்த முதல் பாதி வந்தது, குரல் கரகரத்துக்கொண்டு. நான் பதில் சொன்னேன். மாலையின் கடைசி மணி வரைக்கும் சொன்னோம். என் வீட்டுக்காரர் சுருட்டின பாயைக் கக்கத்தில் வைத்தபடியே நின்று கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் மாதாவைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பவனி இல்லை, பாட்டு இல்லை, நான் மட்டும்.

"ண்ணா, தப்பு பண்ணிட்டேன். நேத்து இங்க வரவேண்டியவங்க" என்றேன்.

"வாம்மா" என்றார். ஸ்டூலில் அந்த இடம் அப்படியே இருந்தது. வைத்தேன். அடுப்பு மேடையில் ஒரு பெரிய குண்டான் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. இருபது வீட்டுக்கும் காணும். ராத்திரி முழுக்க இருந்து புளித்த வாடை வந்துவிட்டது. தேங்காயைத் துருவத் தெரியாமல் பல்லு பல்லாக நறுக்கிப் போட்டிருந்தார். அந்தக் குண்டானைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. அத்தனை வருஷம் ஊரைத் திட்டித் திருத்தினேனே, அன்று என்னைத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை.

"ஜெப ஹாலுக்கு போறீங்கன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்" என்றேன்.

"அங்கியா?" சிரித்துவிட்டார். "அதுக்கு எதிர்ல ஒரு கல்வெட்டு இருக்குதில்ல, தண்ணி போறதுக்கு கட்டினது? அதும்மேல உக்காந்துக்கினு இருப்பேன். சைக்கிள ரோட்டுல வெச்சா லாரிக்காரன் அடிச்சிட்டு பூடுவான்னு ஹால் வாசல்ல நிறுத்துவேன். அவ்ளோதான்."

"தெனம் எதுக்குண்ணா அங்க போயி உக்காரணும்?"

அகலில் இருந்த பழைய திரியை எடுத்துப் போட்டார்.

"அந்த நேரத்துக்கு வூட்ல இருக்க முடியலம்மா. என் பாதிய சொல்லிட்டா அவ பாதி வரணும், வரல. சரி, நாமளே சொல்லிடலாம்னு பாத்தா வாய் வரமாட்டேங்குது. எறப்பின் வேளன்னு தெனம் அவதான் சொன்னா, அவளே பூட்டா. அத்த எடுத்து நான் சொன்னா, அவ இனிமே இல்லன்னு நானே கையெழுத்து போட்டா மாதிரி இருக்குது. கோயில்ல இன்னும் மோசம். எல்லாரும் சேந்து அந்த பாதிய சொல்ல சொல்ல காது அவ கொரல தேடுது. அதான் வர்றதில்ல. வரிசப்படி நேத்து மாதா வர்றாங்கன்னு தெகிரியமா இருந்தேன். வரல. சரி, ஒரு தடவ சொல்லித்தான் பாப்பமேன்னு ஆரம்பிச்சேன்."

என்னிடம் பேச்சு தீர்ந்துபோனது எனக்கே புதுசு. "இன்னிக்கி சாயந்தரம் எல்லாரும் இங்க வர்றோம். நான் சுண்டல் செய்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வந்தோம். மாதா அவர் வீட்டில் அன்று ராத்திரி தங்கினார்கள். என்ன நடந்தது என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். அந்த வருஷம் எங்கள் பட்டியல் ஒரு நாள் தள்ளிப்போனது.

அப்படித்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. அவர் கேட்கவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கம் பாய் விரிக்கிற சத்தம் வரும். இந்தப் பக்கம் நான் மெஷினிலிருந்து எழுந்துகொள்வேன். முதல் பாதி சுவருக்கு மேலே வரும், இரண்டாம் பாதி சுவருக்கு மேலே போகும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அடுப்பில் குழம்பு கொதித்தால் கரண்டியோடு நின்றே சொல்வேன். நான் ஊரில் இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் என் பாதியைச் சொல்வார். மறுநாள் அண்ணன், "சார் நல்லாத்தான் சொல்றாரு, ஆனா பாதி வார்த்தைய முழுங்கிடறாரு" என்று புகார் வாசிப்பார்.

எதிரில் மளிகைக் கடை வைத்திருந்த கூனிமேட்டு பாய் கூட எங்கள் செபத்தை வைத்து நேரம் பார்க்க ஆரம்பித்தார். "நான் மக்ரிப் தொழுதுட்டு வந்து கடைய தொறக்கறப்போ உங்களுது ரெண்டாவது பத்து ஓடும். அது மூணுக்கு பூட்டா நான் லேட்டுன்னு அர்த்தம்" என்பார். பத்துப் பத்தாகத்தான் சொல்கிறோம் என்பதை எண்ணிக் கண்டுபிடித்திருந்தார்.

கிறிஸ்துமஸ் பூசைக்கு அண்ணன் வந்தார். கடைசி வரிசையில் நின்றார். பிப்ரவரியில் அக்காவின் வருஷப் பூசைக்கு அன்பியம் முழுக்கப் போனோம், நான் ஒருத்தி விடாமல் இழுத்துப் போனேன். அளத்தில் சேறு எடுத்து, பாத்தி கட்டி, அந்தக் கோடையில் உப்பு நன்றாகவே எடுத்தார்கள். கீற்றுப் போட்டு மூடின உப்பு அம்பாரங்கள் ரோட்டோரமாகத் திரும்ப வரிசையாக நின்றன. ஆனால் அவர் இரண்டாம் பாதியைச் சொல்லி நான் கேட்டதில்லை. கோயிலில் சனம் முழுக்கச் சொல்லும்போதும் அவர் உதடு மூடியிருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. முன்பென்றால் விட்டிருப்பேனா? பிடித்து உலுக்கியிருப்பேன்.

2006 ஜூனில் புதுச் சாமியார் வந்தார். இளவயசு, கையில் எப்போதும் ஒரு ஃபைல். எல்லா அன்பியத்துக்கும் பொறுப்பாளரை மாற்ற வேண்டும், ஒரே ஆள் பல வருஷம் இருக்கக் கூடாது என்றார். வீட்டுக்கு ஒரு பெயர் எழுதிப் போட்டுத் திருவுளச்சீட்டு எடுத்தார். வந்தது யார் பெயர் என்று நினைக்கிறீர்கள்? ஜெப ஹால் வாசலில் சைக்கிளைப் பார்த்ததாக என் காதைக் கடித்தாளே, அவள். பாட்டு எடுத்தால் சுருதி தெருவில் நிற்கும். இவள் உள்ளே நிற்பாள். அவளிடம் என் நோட்டையும் கோயில் சாவியையும் கொடுத்துவிட்டு, "எல்லாரும் ஒத்துழைக்கணும்" என்று சாமியார் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

யாரிடம் கோபப்படுவது? சாமியார் கண்ணை மூடிக்கொண்டுதான் சீட்டெடுத்தார். அந்தப் பெண் கேட்டு வாங்கவில்லை. திருவுளம் என்று பெயர் வைத்துவிட்டதால் கோபம் நேராக மேலேதான் போக வேண்டியிருந்தது. சுனாமியில் ஓடினேன், ஐந்து வருஷம் கதவு கதவாகத் தட்டினேன், இதுதானா மரியாதை என்று மாதாவிடமே கேட்டேன். அன்று சாயங்காலம் செபத்துக்கு எழுந்திருக்கவில்லை. கோபம் சீட்டு மேல், தண்டனை மாதாவுக்கு.

அண்ணன் முதல் பாதியைச் சொன்னார். காத்திருந்தார். நான் மெஷினில் உட்கார்ந்தபடி இருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். சும்மா இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் பொழுது சாயும் முன்பே சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. எட்டு மணிக்குத்தான் அண்ணன் திரும்பினார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

நாலாம் நாள் பாய் கடைக்குச் சர்க்கரை வாங்கப் போனேன்.

"என்னாக்கா, ரெண்டு மூணு நாளா உங்க பாதி கேக்கல? உடம்பு சரியில்லியா?" என்றார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல பாய்."

"அண்ணன் நேத்து கல்வெட்டு மேல உக்காந்துக்கினு இருந்தாரு. பழைய மாதிரி. பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். அன்று கையில் இருந்த துணி யாருடையது தெரியுமா? புதுப் பொறுப்பாளருடையது. திருவிழாவுக்கு ரவிக்கை கொடுத்திருந்தாள், முன்பே கொடுத்தது; தைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தது. சைக்கிள் கிளம்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பவில்லை. பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. நான் வேண்டுமென்றே மெஷினை வேகமாக மிதித்தேன். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எழுந்து போய் ஒன்றும் நடக்காத மாதிரி பதில் சொல்ல முடியவில்லை.

முதல் பாதி வந்தது. நின்றது. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது, அந்த அமைதி இருக்க வேண்டிய இடத்தில், அண்ணனே 'தூய மரியே' என்றார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, சேற்றில் கால் வைக்கிற மாதிரி. இறப்பின் வேளை என்ற இடம் வந்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு அதையும் சொல்லி, ஆமென் சொன்னார். என் கால் தானாக நின்றுவிட்டது. மெஷினும் நின்றது.

அந்தப் பக்கத்திலிருந்து, "ஏம்மா" என்று கூப்பிட்டார். அத்தனை மாசத்தில் செபத்துக்கு நடுவில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"இன்னாண்ணா?"

"மெஷின நிறுத்தாத. ஓட்டு."

"எதுக்குண்ணா?"

"எங்க வூட்டுக்காரிக்கும் எப்பவாச்சும் கோவம் வந்தா செபத்துக்கு வரமாட்டா. சமையக்கட்டுல பாத்திரத்த உருட்டிக்கினே இருப்பா. அன்னிக்கெல்லாம் அவ பாதியும் நான்தான் சொல்லுவேன். சத்தம் கேட்டுக்கினே இருக்கும், ஆளு இருக்குது, கோவமா இருக்குது, அவ்ளோதான்னு நெனச்சிக்கினு சொல்லிடுவேன். இப்ப உன் மெஷின் சத்தம் கேட்டுச்சி. வாய் வந்துடுச்சி."

மிதித்தேன். துணி எங்கே போகிறது, நூல் இருக்கிறதா, ஒன்றும் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி ஊசியே தெரியவில்லை. சுவருக்கு மேலே இரண்டு பாதியும் ஒரே குரலில் வந்துகொண்டிருந்தன. அவருக்காக நான் சொல்லிக்கொண்டிருந்ததாக அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று நாலு நாள் கோபக்காரி ஒருத்திக்காக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது.

முதல் பத்து முடிந்தது. அவர் அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். மிதித்தபடியே, 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியை எடுத்தேன். அவர் இரண்டாம் பாதியைச் சொன்னார். அக்கா சொல்வது போலவே, நான் முடிப்பதற்குள் தொடங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வார்த்தைகளை முழுங்கிக்கொண்டு, அவரும் சொன்னார். எதிரில் பாய் கடையின் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டபோது எங்களுக்கு இரண்டாவது பத்து ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் எடுத்துப் பார்த்தால், புதுப் பொறுப்பாளரின் ரவிக்கையில் கை முழுக்கத் தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகப் பிரித்தேன். ஒழுங்காகத் தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் காக்க வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.